அது அச்சுப்பிழை அல்ல

ஒரு புத்தகத்தில் தப்பு இருந்தால் அதற்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அச்சுப்பிழை. எழுதியவர் மறந்திருப்பார். திருத்தியவர் சரியாக இருந்ததைக் கெடுத்திருப்பார். யாராவது பிடித்துக் கேட்டால் இரண்டு பேரும் அச்சகத்தைக் கைகாட்டுவார்கள், எழுத்து தானாக எழுந்துபோய் இடம் மாறி உட்கார்ந்துகொண்டதைப் போல. அச்சகம் என்றால் வெறும் மெஷின் என்று நினைப்பு. அங்கே ஒரு ஆள் நின்றுகொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்குகிறான், அவனுக்கும் சொரணை உண்டு என்று யாரும் நினைப்பதில்லை.

நான் அந்த ஆள். எழுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். படிப்பு அஞ்சாவது. சேர்ந்த வருஷமே ஒரு கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய், பெண் வீட்டார் ஆறு பேர் கடைக்குள் ஏறிவிட்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த தாளிலேயே அந்தப் பெயர் இல்லை. தாள் என் கையில்தான் இருந்தது. நான் அதை நீட்டவில்லை. ஆள் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலாளி மன்னிப்புக் கேட்டார். மறுபடி அடித்துக் கொடுத்தோம். இப்படியே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஊரார் தப்பையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதற்கெல்லாம் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. கோபம் வந்தது ஒரு சின்னப் புத்தகத்தால்.

எண்பதுகளின் கடைசி. சாரல் தொடங்கிவிட்டது. தாள் கட்டுகள் ஈரம் குடித்துப் புடைத்துக்கொண்டு மெஷினில் ஓடமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் கல்லூரியில் உயிரியல் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். வீடு மேலகரத்தில். வடக்கே ஏதோ ஆய்வுக்கூடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். குற்றாலத்தில் தமிழில் அறிவியல் எழுதுகிறவர்களுக்காக இரண்டு நாள் மாநாடு நடக்க இருந்தது. அங்கே வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம்.

அந்தச் சின்னப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. கிருமிகளைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும், பள்ளிக்கூடம் மட்டும் படித்தவர்களுக்கும் விளங்குகிற மாதிரி டீச்சர் ஆறு வருஷமாகத் தமிழில் எழுதி முடித்து வைத்திருந்தார். மாநாட்டுக் குழு அவரிடம், "முதலில் ஒரு அத்தியாயத்தைப் போடுவோம். வெளியூரிலிருந்து வருகிற நிபுணர் பார்த்து நல்லது என்று சொன்னால் முழுசையும் நாங்களே கொண்டுவருகிறோம்" என்று சொல்லியிருந்தது. அதை எங்களிடம் சொல்லும்போது பிரதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அத்தியாயம் வைரஸ் பற்றியது. காய்ச்சல் விட்ட பிறகு உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதற்குக் காரணமான வைரஸ். அது நம் உடம்புக்குள் பெருகுவதற்கு ஒரு நொதி வேண்டுமாம். நொதி என்றால் உடம்புக்குள் ஒரு பொருளை வேறொரு பொருளாக மாற்றித் தருகிற வேலையாள். இந்த வேலையாள் ஒற்றை ஆள் இல்லை. பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று. தனித்தனியாகக் கிடந்தால் இரண்டும் சும்மா கிடக்கும். சின்னத் துண்டின் வால் பெரிய துண்டில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் இரண்டும் ஒன்றாகி வேலை நடக்கும்.

டீச்சர் எழுதியிருந்த வரிகள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "ஒற்றை மாட்டால் இந்த வண்டி ஓடாது. நுகத்தில் இரண்டு மாட்டையும் பூட்டினால்தான் ஓடும். அந்த வாலைப் போலவே ஒரு சின்னஞ்சிறு பொருளைச் செய்து உள்ளே விட்டால், அது முந்திக்கொண்டு பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு இரண்டு துண்டும் பூட்டிக்கொள்ள முடியாது." அதற்கு அடுத்த பாரா: "நம் உடம்பிலும் இதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. ஆனால் அதன் வால் வேறு மாதிரி. ஆகையால் இந்தச் சின்னப் பொருள் வைரசின் வண்டியை மட்டும் நிறுத்தும். நம்முடைய வண்டியைத் தொடாது." இதுவரை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் சோதனைக் குழாயில்தான் பார்த்திருக்கிறார்கள், இன்னும் மருந்தாக வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

முதல் புரூஃப் பார்க்க டீச்சர் வந்தபோது நான் எப்படியோ வாய் திறந்துவிட்டேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"நாங்க ஃபாரம் பூட்டுதோம்லா, அது மாதிரியா இது?"

அவருக்குப் புரியவில்லை. கூட்டிப்போய்க் காட்டினேன். எழுத்து அடுக்கிய பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் கட்டைகளைக் கொடுத்து முடுக்குவோம். அதற்கு எங்கள் அச்சகத்தில் பூட்டுவது என்று பெயர். சரியாகப் பூட்டினால் சட்டத்தைக் கையில் தூக்கலாம், ஆயிரம் எழுத்தும் ஒரே பலகையாக எழும்பி வரும். நான் வேண்டுமென்றே இரண்டு கட்டைக்கு நடுவே ஒரு ஈயத் துணுக்கை வைத்துவிட்டு முடுக்கினேன். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூக்கினேன். நடுவில் இருந்த எழுத்தெல்லாம் பொலபொலவென்று மேசையில் கொட்டிவிட்டது.

"இந்தத் துணுக்குதான அந்தச் சின்னப் பொருளு?" என்றேன்.

டீச்சர் கைதட்டிவிட்டார். "இதேதான் அண்ணாச்சி! வகுப்புல எத்தன தடவ சொல்லிருக்கேன், இப்படி ஒருத்தரும் திருப்பிச் சொன்னதில்ல."

மெஷின்மேன், அச்சடித்துக்கொண்டிருந்த டிரெடில் மெஷினை நிறுத்திவிட்டு, "ஏ, அப்ப நாளைக்கே காலேஜ்ல சேந்துரு. ஆனா கொட்டுன எழுத்த அடுக்கிட்டுப் போ" என்றான். டீச்சர் சிரித்தார். கொட்டிய எழுத்தை அடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு நிமிஷம்கூட வருத்தமில்லை.

மாநாட்டுக் குழுவில் ஒரு புலவர் இருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். குழுவில் அவர் சொன்னதுதான் சட்டம். கடைசி புரூஃபை அவர்தான் பார்ப்பார் என்று ஏற்பாடு. ஒரு காலையில் குடையை உதறி மூலையில் சாய்த்துவிட்டு முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். பதினெட்டாம் பக்கத்துக்கு வந்ததும் சத்தமாகச் சிரித்தார்.

"மாடு, நுகத்தடி, வண்டி! என்னடே இது? அறிவியல் புத்தகமா, மாட்டுச்சந்தை நோட்டீசா?"

முதலாளி மரியாதைக்குச் சிரித்தார். புலவர் மாடு, வண்டி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "நொதி என்பது ஒரு பூட்டு. மருந்து என்பது அதில் நுழையும் கள்ளச்சாவி. கள்ளச்சாவி நுழைந்தபின் நல்ல சாவிக்கு இடமில்லை." பிறகு எங்களைப் பார்த்து, "பூட்டுன்னு ஒரு சொல்லு வந்தா சாவி வரணுமா, மாடு வரணுமாடே? எத்தன அறிவியல் நூல் திருத்திருக்கேன். நொதின்னா பூட்டு சாவிதான்" என்றார்.

பூட்டு, சாவி என்பது முழுப் பொய்யில்லை. பல மருந்துகள் அப்படித்தான் வேலை செய்கின்றன என்று டீச்சரே நாலு பக்கம் முன்னால் எழுதியிருந்தார். இது அப்படி இல்லை, இங்கே பூட்டின் வாயை யாரும் அடைக்கவில்லை, இரண்டு துண்டும் சேர்வதைத்தான் தடுக்கிறார்கள் என்று சொல்வதற்காகவே இந்த அத்தியாயம். புலவர் அடித்தது அந்த ஒன்றைத்தான்.

நான் எழுத்துகளைப் பிரித்துப் போட்டிருக்கும் மரக் கேஸுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஐயா, அடுத்த பாரா சேராதுல்லா" என்றேன்.

"எது சேராது?"

"வால் வேற மாதிரின்னு வருது. பூட்டுக்கு ஏது வாலு? டீச்சர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனாங் கிளாஸ் படிச்ச?"

"அஞ்சு."

"ஏலே, எழுத்தக் கோக்கது ஒன் வேல. கருத்த நான் கோத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு அடுத்த பாராவிலும் வாலை அடித்து, "சாவித்துவாரம் வேறு மாதிரி" என்று மாற்றினார். இப்போது இரண்டு பாராவும் சேர்ந்துவிட்டன. இரண்டும் தப்பு.

நான் அப்படியே கோத்தேன். அச்சகத்திலிருந்து மேலகரத்துக்குப் பஸ்ஸில் பத்து நிமிஷம். போய் டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு பெண் வாத்தியார் வீட்டு வாசலில் நின்று புலவரைப் பற்றிக் குறை சொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதற்கு அப்போது மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். வெறும் பயம்தான். புலவர்மேல் எனக்கு உள்ள கோபத்தில் பாதி என்மேலும் உண்டு.

மாநாட்டின் முதல் நாள் காலையில் நானும் மெஷின்மேனும் புத்தகக் கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிக் குற்றாலம் கொண்டுபோனோம். ஒரு தங்கும் விடுதியின் கூடம். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத் தலையோடு, கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் புத்தகம் கொடுத்துவிட்டு நான் கதவோரம் நின்றேன்.

வெளியூர் நிபுணர் மேடையில் உட்கார்ந்தபடியே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் மைக்கைப் பிடித்துப் பதினெட்டாம் பக்கத்தை வாசித்தார். "இதை எழுதியவர் யார்? நொதி வேலை செய்கிற இடம் வைரசிலும் நம்மிடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதில் ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும். இந்த ஆய்வின் அழகே இரண்டு துண்டும் சேரவிடாமல் செய்வதில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை இல்லை. அடிப்படையே தெரியாமல் ஏன் எழுத வேண்டும்?"

டீச்சர் எழுந்து நின்றார். கையில் இருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அப்போதுதான் பார்க்கிறார். அவர் வாய் திறப்பதற்குள் புலவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அச்சுப்பிழை ஐயா, அச்சுப்பிழை! நம்ம ஊரு பிரஸ்ஸு. கம்பாசிட்டர் அஞ்சாங் கிளாஸ். கையில அகப்பட்டதப் பொறுக்கிப் போட்டுட்டான்."

கூடமே சிரித்தது.

அச்சுப்பிழை என்றால் எனக்குத் தெரியும். ஒரு கொம்பு விட்டுப்போகும். ஒரு எழுத்து தலைகீழாக நிற்கும். ஒரு வரி இரண்டு தடவை வரும். மூன்று முழு வாக்கியம், எழுவாய் பயனிலை பிசகாமல், கள்ளச்சாவி நல்ல சாவி என்று ஜோடி போட்டுக்கொண்டு அச்சுப்பிழையாக வருமா? அந்தக் கூடத்தில் எத்தனை பட்டம் படித்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தருக்குக்கூட இந்தச் சந்தேகம் வரவில்லை. அஞ்சாங் கிளாஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் காலைக்குள் திருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிவிடுவது என்று குழு முடிவு செய்தது. புலவரே எழுதித் தந்தார். மேலே கொட்டை எழுத்தில் "அச்சுப்பிழை", கீழே டீச்சருடைய பழைய வரிகள். "இதையாவது ஒழுங்காக் கோத்துரு" என்று சொல்லி என் சட்டைப்பையில் செருகினார்.

மத்தியானப் பஸ்ஸில் தென்காசி திரும்பினேன். முதலில் மாட்டையும் வண்டியையும் வாலையும் திரும்பக் கோத்து முடித்தேன். பிறகு தலைப்புக்கு வந்தேன். பெரிய எழுத்துக் கேஸில் கை வைத்தேன். அந்தச் சொல்லை எடுக்கக் கை வரவில்லை. "திருத்தியவரின் பிழை" என்று கோத்தேன்.

முதலாளி புரூஃபைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டே, கிறுக்கு புடிச்சிட்டா? அச்சுப்பிழைன்னு போட்டா நமக்கு என்ன கொறஞ்சிரும்? நாம வாங்காத ஏச்சா?"

"தனியா ஏசுனா வாங்கிக்கிடலாம் அண்ணாச்சி" என்றான் மெஷின்மேன். "மைக்க வச்சுல்லா ஏசுனாரு."

இந்தப் பேச்சு நடக்கும்போதே டீச்சர் வந்துவிட்டார். சீட்டைச் சரிபார்க்க வந்தவர். தலைப்பை வாசித்துவிட்டு, "பழைய புரூஃப் இருக்கா அண்ணாச்சி?" என்றார். சிவப்பு மை போட்ட தாளை எடுத்துக் கொடுத்தேன். தாள் கட்டின்மேல் உட்கார்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அன்னைக்கே ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாமே."

"சொல்லிருக்கணும் டீச்சர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவரு கோவிச்சுக்கிட்டா பெரிய புத்தகம் வராது" என்றார். "அச்சுப்பிழைன்னே போட்டிருங்க அண்ணாச்சி. எனக்காக."

"மாட்டேன் டீச்சர்."

என் வாயிலிருந்துதான் வந்தது. முதலாளி திரும்பிப் பார்த்தார். நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று பயந்து மொத்தத்தையும் சொன்னேன். "ஒரு கொம்ப விட்டா அது எந்தப்பு. எழுத்தத் தலகீழா வச்சா எந்தப்பு. இத நான் செய்யல. மெஷினும் செய்யல. வேண்டாம்யான்னு சொன்னேன். சொன்னதுக்கு எத்தனாங் கிளாஸ்னு கேட்டாரு. அவ்வளவு படிச்சவரு செஞ்சத எந்தலையில வைக்கக்கூடாது."

"சரி, அப்ப ஆசிரியர் பிழைன்னு போடுங்க. எம்பேருலயே இருந்துட்டுப் போகுது."

எனக்கு இன்னும் கோபம் ஏறியது. செய்தவர் குற்றாலத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். செய்யாத இரண்டு பேர் இங்கே நின்று யார் சுமப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

"நீங்க சரியாத்தான டீச்சர் எழுதுனீங்க? புத்தகத்துல ஒரு பொய் இருக்குன்னுதான சீட்டு ஒட்டுதோம்? சீட்டுலயும் பொய்யா?"

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் சிவப்பு மைத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். புரூஃபை வாங்கி, அடியில் கையெழுத்துப் போட்டு, முதலாளியிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, அவரு கோத்திருக்கபடியே அடிங்க. கேட்டா நான் சொல்லுதேன்."

"ரெண்டு பேருமாச் சேந்து என்னயத் தெருவுல நிறுத்தப் போறிய" என்றார் முதலாளி. ஆனால் தாளை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் குற்றாலத்தில் டீச்சர், நான், மெஷின்மேன் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சீட்டுகளை ஒட்டினோம். அந்த ஈரத்தில் பசை காயவே இல்லை. புலவர் வந்து ஒரு பிரதியை எடுத்தார். சீட்டு அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. வாசித்தார்.

"எவன்டே இது?"

"நான்தான்யா" என்றேன்.

"நானும்தான்" என்றார் டீச்சர், ஒட்டிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து கையை எடுக்காமல்.

புலவர் சுற்றிலும் பார்த்தார். சிரிப்பதற்கு அப்போது அங்கே கூட்டம் இல்லை. விரலிலிருந்த சீட்டைச் சுவரில் தேய்த்துவிட்டுப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் இல்லை. நிபுணர் சீட்டை வாசித்துவிட்டு டீச்சரிடம் வந்து, மாடு பூட்டுகிற உவமை மிகவும் பொருத்தம் என்றார், முந்தின நாள் பேசியதற்கு வருத்தமும் சொன்னார். திட்டியதை மைக்கில் திட்டினார். வருத்தத்தை மைக்கில் சொல்லவில்லை.

சாரல் முடிகிற சமயத்தில் டீச்சர் ஒரு கடிதத்தோடு அச்சகத்துக்கு வந்தார். குழுவிடமிருந்து வந்தது. என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இத்தகைய நூலுக்குத் தமிழில் வாசகர் இல்லை என்பதால் வெளியிட இயலவில்லை என்று நாலு வரி. பூட்டு, சாவி, மாடு, சீட்டு எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

"நான் அச்சுப்பிழைன்னு கோத்திருந்தா வந்திருக்குமோ டீச்சர்?"

"வந்திருக்கும் அண்ணாச்சி. ஒவ்வொரு பக்கத்தயும் அவருதான் திருத்திருப்பாரு."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என்னால் வேலையில் நிற்க முடியவில்லை. வாசகர் இல்லையாம். கூடத்தில் சிரித்தவர்கள் வாசகர்கள் இல்லை, சரி. நான் யார்? அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் எழுத்து எழுத்தாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறிக் கிடக்கும் ஈயத்தில், இரண்டு தடவை வாசித்தவன். எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் தப்பு கண்ணில் பட்டது.

தபாலாபீசுக்குப் போய் ஒரு போஸ்ட்கார்டு வாங்கி, அங்கே கட்டிப் போட்டிருந்த பேனாவாலேயே குழுவுக்கு எழுதினேன். "ஐயா, டீச்சர் எழுதிய நூலுக்கு வாசகர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு அத்தியாயம் வாசித்தேன். புரிந்தது. மீதியையும் வாசிக்க விருப்பம். இப்படிக்கு, கம்பாசிட்டர்."

பதில் வரவில்லை. பெட்டியில் போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை சரிபார்த்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை.